இறங்கித் தள்ளக் கூடாது

"சைக்கிள்ல போய்ட்டு வா, வேணாங்கல. ஆனா எறங்கித் தள்ளக் கூடாது. ஒரு அடிகூடத் தள்ளக் கூடாது. தள்ளினியா, வேலை கெடையாது, வூட்டோட இரு."

இது அப்பா போட்ட நிபந்தனை. எழுபதுகளின் தொடக்கம் அது, எனக்கு இருபத்தொரு வயது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு இரண்டு வருஷமாகப் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறிக்கு ராட்டினத்தில் பட்டு நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு ஒருவழியாக வேலை உத்தரவு வந்திருந்தது. ஓரிக்கைக்கு எதிர்க்கரையில், பாலாற்றைத் தாண்டி, ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. பஸ் கிடையாது. போக வர எட்டு மைல். பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும்.

பயிற்சிப் பள்ளி விடுதியில் நான் சைக்கிள் கற்றுக்கொண்ட விஷயம் வீட்டுக்குத் தெரியும். மாற்றலாகிப் போன ஒரு நர்ஸம்மாவிடமிருந்து அண்ணன் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியபோதுதான் வீடு இரண்டுபட்டது.

"பொம்பளப் புள்ள தினம் எட்டு மைலு மிதிக்குமா? பாதி வழியில மூச்சு வாங்கி, எறங்கி தள்ளிக்கினு வருவ. ஊரே பாத்து சிரிக்கும்" என்றார் அப்பா.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது. "எட்டு மைல் என்ன, எங்க வேணும்னாலும் போய்க் காட்டறேன்" என்று வாயைக் கொடுத்தேன்.

"எங்க வேணும்னாலுமா? அப்போ உங்க சித்தி ஊருக்குப் போயிட்டு வா. நகரிக்கு. அப்பிடியே மலைக்குள்ள கோனை இருக்குது, அதையும் பாத்துட்டு வா."

அவர் கேலிக்குத்தான் சொன்னார். சித்தப்பாவின் மாமனார் ஊரான நகரி முப்பத்தைந்து மைல். கோனை என்பது அங்கே மலைக்காட்டுக்குள் விழும் அருவி. ஊரிலிருந்து இன்னும் பத்து மைலாவது இருக்கும். ஆனால் அண்ணன் பக்கத்தில் இருந்தான். "போய் வந்தா வேலைக்கு அனுப்புவியாப்பா?" என்று பிடித்துக்கொண்டான். அப்பாவால் பின்வாங்க முடியவில்லை. அப்போது போட்டதுதான் அந்த நிபந்தனை. அம்மா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள்: "லாரி போற ரோட்டுல மட்டும் எம்பொண்ணு போகக் கூடாது."

நான் தள்ளினேனா இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. அண்ணன் பேச்சு எடுபடாது. அப்பா தன் தம்பியை நியமித்தார்.

எங்கள் சித்தப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெய்து முடித்த புடவைகளில் குறை பார்ப்பதுதான் அவர் வேலை. மரப்பலகையில் புடவையை விரித்து உள்ளங்கையால் ஒரு முறை தடவுவார். ஒற்றை இழை விட்டுப்போயிருந்தாலும் கை அங்கே நின்றுவிடும். சொந்த அண்ணன் நெய்த புடவை என்றும் பார்க்க மாட்டார். "ரெண்டு எடத்துல கொறை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அப்படிப்பட்டவர்தான் என் கூடவே சைக்கிளில் வரப்போகிறார்.

அண்ணனுக்கோ தலைகால் புரியவில்லை. அவன் புடவை டிசைன் போடுகிறவன். கட்டம் போட்ட காகிதமும் சீவிய பென்சிலுமாகத்தான் எப்போதும் இருப்பான். லாரி போகாத வழி என்று அம்மா சொன்னது அவனை அப்படியே பிடித்துக்கொண்டது. பால்காரர், மாட்டுவண்டிக்காரர், ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிறவர் என்று அகப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி வழி கேட்டான். எந்த ஏரிக்கரையில் சைக்கிள் போகும், எந்த வண்டிப்பாதை எங்கே பிரியும் என்று விசாரித்து, ஒரு கட்டம் கால் மைல் என்று வைத்து வரைந்தான். காஞ்சிபுரத்திலிருந்து நகரி வரைக்கும் ஒரு தாள். நகரியிலிருந்து கோனைக்கு இன்னொரு தாள். இரண்டாவதற்கு, நகரியிலிருந்து சித்தியின் தம்பி கடிதத்தில் கிறுக்கி அனுப்பிய படத்தைப் பார்த்து வரைந்துகொண்டான்.

மாசி மாத அமாவாசை அந்த வருஷம் சனிக்கிழமை வந்தது. அமாவாசையில் எங்கள் தெருவில் தறி ஓடாது. வெள்ளிக்கிழமை போய், சனிக்கிழமை கோனை பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வீடு. திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தில், அல்லது மறுபடி தார் சுற்றும் ராட்டினத்தின் முன்னால்.

வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பினோம். அண்ணன் முன்னால், நான் நடுவில், சித்தப்பா பின்னால். அவர் சைக்கிளின் ஒரு பக்கம் குடை, மறு பக்கம் டிபன் கேரியர். புடவைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு மிதித்தேன். தெரு முனையில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மணியை ஒரு தரம் அடித்தேன்.

ஊர் எல்லை தாண்டியதும் முதல் ஏரிக்கரை. அந்தக் காலையை என்னவென்று சொல்வது! ஒரு பக்கம் பனி பறக்கும் தண்ணீர், இன்னொரு பக்கம் கதிர் முற்றிய வயல், நடுவில் முழம் அகலத்துக்கு வழவழவென்று மிதிபட்ட மண்பாதை. டயர் உருளுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அதுவரை நான் ஊரை விட்டுப் போனதெல்லாம் பஸ் ஜன்னலுக்குள்ளிருந்துதான். இப்போது நானே போகிறேன், என் காலே கொண்டுபோகிறது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தியும் விட்டேன். கரையில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. "இன்னாமா?" என்று பின்னாலிருந்து சித்தப்பா பதறினார்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா. சும்மா."

அரக்கோணம் பக்கம் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன். உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சித்தப்பா, இது எறங்கின கணக்கா?"

அவர் என் காலைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், சாவகாசமாக யோசித்தார். "நிக்கலாம். தண்ணி குடிக்க எறங்கலாம். எறங்கி தள்றதுதான் கூடாது" என்றார். நீதிபதி இவ்வளவு நியாயமாக இருப்பது எனக்குக் கொஞ்சம் தெம்பாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

திருத்தணி மலை தெரிந்தபோது உச்சி வெயில். அண்ணன் போட்ட படம் துளி பிசகவில்லை. இங்கே ஒரு கிணறு என்றால் கிணறு இருந்தது. புளியமரத்தில் வலது பக்கம் என்றால் வலது பக்கம் பாதை பிரிந்தது. லாரி ரோட்டை இரண்டே இடத்தில் குறுக்கே கடந்தோம். அதையும் நான் ஏறி உட்கார்ந்தபடியே கடந்தேன். மாலை வெயிலில், வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்தவன் மூக்கைப்போல நகரி மலையின் சிகரம் தெரிந்தது. சித்தப்பா மாமனார் வீட்டுத் தெருவுக்குள் நுழையும் முன் சைக்கிளை நிறுத்தி, முகம் துடைத்து, மூச்சு சீராகும் வரை நின்று, அப்புறம்தான் வந்தார். மாமனார் வீட்டில் அவருக்கு இளைப்பு வரக் கூடாது.

முப்பத்தைந்து மைல்! ஒரு அடி தள்ளவில்லை. தொடை கெஞ்சியது, ஆனாலும் எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதித்தே வளர்ந்த குடும்பம் நாங்கள். மிதிக்கிறதா எங்களுக்குப் புதிது என்று சித்தியின் வீட்டாரிடம் பீற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை இரண்டாவது தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அங்கே ஆரம்பித்தது வினை.

ஊரைத் தாண்டி ஒரு மைலில் சித்தப்பா மணி அடித்தார். "காயிதத்துல மல வலது பக்கம் போட்டிருக்குதேப்பா. இங்க இடது பக்கம் இருக்குது."

அண்ணன் தாளைப் பார்த்தான். மலையைப் பார்த்தான். "இது வேற மலயா இருக்கும் சித்தப்பா. நம்ம மல இன்னும் முன்னால வரும்."

அவன் படம் நேற்று முழுக்கத் தப்பாமல் வந்த தெம்பு எங்களுக்கு. நம்பினோம். இரண்டு இலுப்பை மரங்கள் நின்ற இடத்தில் பாதை பிரிந்தது. தாளில் இடது பக்கம் என்று போட்டிருந்தது. இடது பக்கம் திரும்பினோம்.

பாதை காட்டுக்குள் நுழைந்தது. விறகு வண்டிகள் போய்ப் போய்த் தடம் விழுந்த செம்மண். இரண்டு பக்கமும் மரங்கள் மேலே கை கோத்துக்கொண்டு நின்றன. ஏதோ காட்டுப்பூ வாசனை கும்மென்று வந்தது. ஒரு நெல்லி மரத்தடியில் காய் கொட்டிக் கிடந்தது. மடி நிறையப் பொறுக்கிக்கொண்டோம். குரங்குக் கூட்டம் ஒன்று எங்களை விடாமல் கிளைக்குக் கிளை தாவிக் கூடவே வந்தது. அவற்றுக்கும் நாங்கள் வேடிக்கைதான் போலிருக்கிறது. மோட்டார் வண்டி வரும் வழியா என்று கேட்பதற்கே இடமில்லை. இந்தப் பாதை எங்களுக்காகவே போட்டதுபோல இருந்தது. கோனை எங்கே, நேரம் என்ன, எதுவும் எனக்குத் தோன்றவில்லை. வளைவு வந்தால் அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று பார்க்கிற ஆசை மட்டும்தான்.

ஆனால் பாதை ஏற ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போனது. முதலில் சித்தப்பா இறங்கினார். அவருக்கு என்ன, அவர் தள்ளலாம். அப்புறம் அண்ணன் இறங்கினான். நான் எழுந்து நின்று மிதித்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வாயைப் பிளந்து பார்த்தாள். அண்ணன் அரைகுறைத் தெலுங்கில் கோனைக்கு வழி கேட்டான்.

"இதி பைக்கி போயே தோவ" என்று கையை மலை உச்சிக்குக் காட்டினாள். இது மேலே போகிற வழி. கோனைக்குப் போகிற வழி கீழே, அந்தப் பக்கம்.

நான் ஒரு காலை ஊன்றி நின்றேன். "தா அந்தக் காயிதத்த" என்று அண்ணனிடமிருந்து பிடுங்கினேன். வெயிலில் கண் கூசியதால் தாளைத் தூக்கி முகத்துக்கு மறைப்பாகப் பிடித்தேன். அப்போது வெயில் தாளுக்குள் ஊடுருவி, பின்பக்கத்திலிருந்து பென்சில் கோடுகள் தெரிந்தன. மலை இடது பக்கம். ஓடை வலது பக்கம். இலுப்பை மரத்தில் பாதை வலது பக்கம். எல்லாம் அப்படியே கண் முன்னால் இருப்பதுபோல!

"டேய் அண்ணா, நீ இத எப்போ வரைஞ்ச?"

"போன செவ்வாக்கெழம. அந்தப் பேர் போட்ட முந்தானை வேலை ஓடிக்கினு இருந்துதே, அதுக்கு நடுவுல" என்றவன் பாதியில் நிறுத்தினான். முகத்தில் அசடு வழிந்தது.

எங்கள் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே பார்த்தபடி இருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது உள்பக்கம். பூவோ மாங்காயோ என்றால் அதனால் ஒன்றுமில்லை. யாராவது தங்கள் பேரை முந்தானையில் நெய்து கேட்டால்தான் தொல்லை. எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றி வரைய வேண்டும். அந்த வாரம் முழுக்க அண்ணன் அந்த வேலையில் இருந்தான். கை அப்படியே பழகிப்போய், நகரி மலையையும் ஓடையையும் பாதையையும் இடம் வலம் மாற்றி வரைந்துவிட்டது. ஊர்ப் பெயர்களை மட்டும் அப்புறம் நேராக எழுதியிருக்கிறான், புண்ணியவான்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "திரும்பிடலாமா?" என்றான் அண்ணன் ஈனசுரத்தில். ஆட்டுக்காரப் பெண், மேலே ஏறினாலும் கோனையின் தலைமாட்டுக்குப் போய்ச் சேரலாம், தூரம் அதிகமில்லை என்றாள். கீழே இறங்கித் திரும்பினால் கோனை போய் வர நாள் போதாது. மேலே இருப்பதைப் பார்க்காமல் திரும்ப எனக்கும் மனசில்லை. "ஏறலாம்" என்றேன்.

கடைசி ஏற்றம் உருட்டுக்கல். ஒரு தரம் முயன்றேன், சக்கரம் வழுக்கிப் பக்கத்துப் புதரில் போய் விழுந்தேன். அண்ணன் சைக்கிளைக் கீழே தூக்கி வந்து தந்தான்; வேகமெடுத்து இரண்டாவது தரம். மூன்றாவது தரம் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. மேலே இன்னும் நாற்பது அடிதான். சித்தப்பா ஒரு பாறை மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புடவையைத் தடவுகிறபோது இருக்கும் அதே முகம்.

நான் இறங்கினேன். தள்ளினேன். அந்த நாற்பது அடியும் எனக்குக் கண் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போச்சு, உத்தரவு போச்சு, ஆயுசுக்கும் ராட்டினம்தான் என்று ஆத்திரத்தில் அழுதுகொண்டே தள்ளினேன்.

உச்சியில் கால் வைத்ததும் அழுகை நின்றுவிட்டது.

அவ்வளவு பெரிய பச்சையை நான் பார்த்ததில்லை. மடிப்பு மடிப்பாக மலை, மடிப்புக்குள் காடு. எங்கள் காலடியில் ஒரு ஓடை பாறை மேல் வழிந்து, ஒரு எட்டில் விளிம்பைத் தாண்டிக் காணாமல் போனது. கீழேயிருந்து தண்ணீர் விழும் ஓசை. விளிம்பருகே குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தால், அடியாழத்தில் எறும்பளவுக்கு ஆட்கள் அருவியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற கோனையை நாங்கள் அதன் தலைமாட்டில் படுத்துப் பார்த்தோம்! நான் ஒரு நெல்லிக்காயைத் தண்ணீரில் விட்டேன். அது உருண்டு உருண்டு போய் விளிம்பில் விழுந்தது. சித்தப்பாவும் ஒன்று விட்டார். அப்புறம் இன்னொன்று. மாமனார் வீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு வந்த மனுஷன், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடையில் உட்கார்ந்து டிபன் கேரியரால் தலையில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டு கெக்கேபிக்கேவென்று சிரித்தார்.

திரும்பும்போது அந்த உருட்டுக்கல்லிலும் நான் இறங்கவில்லை. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, இடுப்பெலும்பு கழன்றுவிடும்போல ஆட ஆட, காடு இரண்டு பக்கமும் பறக்க, குரங்குகளை முந்திக்கொண்டு இறங்கினேன். என் ஆயுளில் அந்த இறக்கத்துக்கு ஈடாக ஒன்றை நான் அனுபவித்ததில்லை. கல்யாணம் உட்பட.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியெல்லாம் அண்ணன் என் காதைக் கடித்தான். "நாமளா சொல்ல வேணாம். அவரு கேட்டாப் பாத்துக்கலாம்." எனக்கு அது பிடிக்கவில்லை. அதோடு, சித்தப்பா இருக்கும்போது எதை மறைப்பது?

வீட்டுக்குள் நுழைந்ததும், அப்பா வாயைத் திறக்கும் முன்பே நானே சொன்னேன். "தள்ளினேன்பா. நாப்பது அடி. மலை மேல." சொல்லிவிட்டு அம்மா நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்பா முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

அப்பாவுக்கு வெற்றிதான். ஆனாலும் வழக்கப்படி தம்பியைப் பார்த்தார். "இன்னாப்பா சொல்ற? கொறை உண்டா?"

சித்தப்பா மடியிலிருந்து இரண்டாவது தாளை எடுத்தார். அது எப்போது அவரிடம் போனது என்று எனக்குத் தெரியாது. அதை அப்பா முன்னால் விரித்து, புடவையைத் தடவுவதுபோலவே தடவினார்.

"இது உம் புள்ள மாத்தி வரைஞ்சது. போக வேண்டிய வழி நல்ல பக்கம். நாங்க போனது உள்பக்கம். அந்தப் பொண்ணு தள்ளினது நெஜம், நாப்பது அடி, உள்பக்கத்துல. நல்ல பக்கம் பூராத்துலயும் கொறை இல்ல." அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "உள்பக்கத்துல முடிச்சு இல்லாத பொடவை இதுவரிக்கும் ஒண்ணாச்சும் நீ நெய்ஞ்சிருக்கியா?"

அவ்வளவு நீளமாக சித்தப்பா பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. முப்பது வருஷமாக அப்பா நெய்த புடவைகளெல்லாம் அந்தக் கைக்குக் கீழே போய்த்தான் கடைக்குப் போயிருக்கின்றன. அந்தக் கை தேறியது என்றால் தேறியது; அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அப்பா தாளை எடுத்து, திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்துப் பார்த்தார்.

"மேல ஏறினதும் இன்னா தெரிஞ்சிது?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். சோறு ஆறிப்போகும் வரை சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் புடவைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு, உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் நாள் என்று அப்பாவும் தன் சைக்கிளில் கூட வந்தார். ஓரிக்கை வரைக்கும் ஒரே மிதி. ஆற்றங்கரையில் இருவரும் நிறுத்தினோம். எதிரே பாலாறு, கால் புதையும் மணல், அரை மைலுக்கு. அக்கரையிலிருந்து பால்காரர்களும் கீரைக்காரிகளும் வந்துகொண்டிருந்தார்கள். சைக்கிள் வைத்திருந்த ஆம்பிளைகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அங்கே வேறு எப்படியும் போக முடியாது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் சைக்கிளைக் கரையிலேயே சாய்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் சைக்கிளைப் பின்னாலிருந்து பிடித்து, மணலில் தள்ள ஆரம்பித்தார்.